விளக்கைச் சுற்றித் தெரியும் வட்டம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இன்று எழுந்தேன். நான் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது, ஆனால் உடம்பு நலம், மனம் நலமில்லை என்று பிரித்தே எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். நான் தியானக் கூடத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் அங்குள்ள ஐயாவைப் போலிச்சாமி என்று திட்டினேன், வயதான காலத்தில் கடவுளே இல்லை என்று பேசுகிறேன் என்றெல்லாம் உன் சித்தி உனக்குப் போனில் சொன்னாளாம். இரண்டும் பொய். நான் யாரையும் திட்டவில்லை, ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டேன். அதையே இரண்டாம் முறையும் கேட்டேன், ஏனென்றால் முதல் முறை அவர் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொன்னார். கடவுளைப் பொறுத்தவரை, கும்பிடாமல் நான் காலைக் காப்பியைத் தொட்டதில்லை. உன் சித்திக்கும் அது தெரியும், அன்றைக்கு நம் வீட்டுக்கு வந்து, கும்பிட்டுவிட்டு நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுத்தான் உனக்குப் போன் செய்திருக்கிறாள்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் அக்கா சில மாதங்களாக மரச்சாமான் கடை மாடியில் இருக்கும் அந்தக் கூடத்துக்குப் போகிறாள். முதலில் எனக்கும் சந்தோஷம்தான். இரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலையிலிருந்து வந்ததும் கதவை அறைந்து சாத்துவது நின்றது, தூக்கம் வந்தது, என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த நன்மையை நான் மறைக்க மாட்டேன். போன வாரம் சாப்பாட்டு மேசையில் விளக்கை நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து, "அம்மா, பல்பைச் சுத்தி கலர் கலரா வட்டம் தெரியுதும்மா, கூடத்துல எல்லாரும் இதுதான் ஒளி தரிசனம்ங்கறாங்க, லேசுல யாருக்கும் கிடைக்காதாம்" என்றாள். அதே மேசையில் உன் அப்பா விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது என்று சொன்னதும், நீ "அப்பா சாமியார் ஆயிட்டாரு, எல்லாரும் தட்சணை எடுங்க" என்றதும், அவரே கண்ணில் நீர் வரச் சிரித்ததும் உனக்கு நினைவிருக்கும். அதற்கப்புறம் அவருடைய வலக்கண் இருண்டதையும் நீ மறந்திருக்க மாட்டாய், தெருவைக் கடக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனவன் நீதானே. கண்ணின் அழுத்தம்தான் அந்த வானவில்லுக்குக் காரணம். குடும்பத்தில் தொடரக்கூடியது என்று டாக்டர் அப்போதே சொன்னார். அதே டாக்டர்தான் போன வருடம் அக்காவுக்கும் அழுத்தம் கூடுதல் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, லேசர் சிகிச்சைக்கு வரச் சொன்னார். மருந்து குளிர்பெட்டிக் கதவில் மூடி உடைக்காமல் இருக்கிறது. கேட்டால், "மனசு தெளிஞ்சா கண்ணும் தெளியும்மா, எனக்கு எல்லாம் நல்லாத்தானே தெரியுது" என்கிறாள். அடுத்தவர் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் நல்லாத்தான் இருக்கு என்று எழுதி அனுப்புவாளா? எண் இல்லாமல் ஒரு தாளில் கையெழுத்துப் போடமாட்டாள்.

நான் படித்த கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் ஒருவர், வகுப்பில் வாக்குவாதம் சூடானதும் இரண்டு பக்கத்தையும் நிறுத்திவிட்டு, நீங்கள் சண்டை போடும் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கு என்ன பொருள் என்று முதலில் சொல்லுங்கள் என்பார். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும், மீதிப் பாதிதான் உண்மையான சண்டை. அதைத்தான் ஐயாவிடம் செய்தேன். ஒளி என்று நீங்கள் சொல்வது கண்ணைத் திறந்தால் தெரிவதா, மூடினாலும் தெரிவதா என்று கேட்டேன். அவர் பிரபஞ்சம், ஆற்றல், அதிர்வு என்று நல்ல குரலில் நெடுநேரம் பேசினார், பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மறுபடி கேட்டேன். இந்த முறை யோசித்தார், அதற்காக அவரை மதிக்கிறேன். "நாங்க சொல்றது உள்ள இருக்கறதும்மா, அதுக்கு விளக்கே வேணாம்" என்றார். மருந்தை விடச் சொன்னீர்களா என்றதற்கு, "ஐயோ, பற்றை விடுன்னுதானே சொன்னேன், மருந்தை எங்க விடச் சொன்னேன்" என்று பதறினார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்து, பல்பை அணைத்தால் உன் வட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் எழுந்து வாசலுக்கு நடந்தாள். படி இறங்கும்போது, "எனக்குன்னு கிடைச்சது இது ஒண்ணுதான், அதையும் சுவிட்சைப் போட்டுப் பாக்கச் சொல்றீங்க" என்றாள். அந்தப் படியில் கால் தவறிச் சுவரைப் பிடித்தாள், நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் கல்மனசுக்காரி இல்லை. உன் அப்பா போன அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஓர் அமைதி வந்து இறங்கியது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. தெரியாததால் அதற்குப் பெயர் வைக்கவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை. ஆனால் அதை நம்பி நான் எந்த மருந்தையும் நிறுத்தவில்லை.

இப்போது உன் விஷயம். நீ போனில் அவளிடம், "அது உன் அனுபவம்க்கா, அதை யாரும் தப்புன்னு சொல்ல முடியாது" என்றாயாம். அதை அவள் சான்றிதழ் மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறாள். நீ என்ன பொருளில் சொன்னாய்? அவளுக்கு வட்டம் தெரிகிறது என்ற பொருளில் என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன், அவள் பொய் சொல்பவள் இல்லை. அந்த வட்டம் எதனால் வருகிறது என்பதையும் அவளே முடிவு செய்துகொள்ளலாம் என்றால், அதை எனக்கு விளக்கிச் சொல். டாக்டரிடம் பேசினேன், ஒரு நாளும் தள்ளக்கூடாது, உடனே கூட்டி வாருங்கள் என்றார். கூடத்தில் நடக்கும் தியான முகாம் முடியட்டும் என்கிறாள் இவள். போன பார்வை திரும்பாது என்பதை இந்த வீட்டில் யாரும் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. நான் சொன்னால் அம்மாவின் பிடிவாதம். நீ சொன்னால் கேட்பாள்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே அவளுக்குப் போன் செய்து, உன் வார்த்தைக்கு நீ வைத்திருந்த பொருளைச் சொல்லி, டாக்டரிடம் போகச் சொல். நீயும் கண் அழுத்தம் பார்த்துக்கொள், நீயும் உன் அப்பாவின் பிள்ளைதான். மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள், கடவுள் உங்கள் எல்லார் கண்ணையும் காக்கட்டும். எனக்கு மட்டும் போன் வேண்டாம், போனில் நீ "சரிம்மா, பாக்கலாம்மா" என்பாய், அதற்கு என்ன பொருள் என்று எனக்கு இதுவரை விளங்கியதில்லை. அக்காவிடம் நீ என்ன சொன்னாய், அவள் என்ன சொன்னாள் என்பதை உன் கையால் எனக்கு எழுதி அனுப்பு.

உன் அம்மா