படியைப் பார்க்காமல் கொடுத்த ரைட்

அன்பு மருமகள் வாலுக்கு,

பதினேழாம் நம்பர் பேருந்தின் சக்கரவர்த்தி, நின்றபடியே உலகை நாலு முறை சுற்றிய கண்டக்டர் மாமன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் ராஜினாமா கொடுத்துவிட்டது. நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இருபத்தெட்டு வருடமாக ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லால்தான் என் ஆட்சி நடக்கிறது. நான் ‘ரைட்’ என்று குரல் கொடுத்தால் அடுத்த ஊர்ப் பேருந்தும் கிளம்பிவிடும். வீட்டிலும் அதேதான். சாப்பாடு போடவா என்றால், ரைட். உப்பு கூடிப்போச்சு என்றால், ரைட்டு விடு. பக்கத்து வீட்டுக்காரர் தன் வயிற்றுவலிப் புராணத்தை மூன்று யுகமாக நீட்டினால், அப்ப ரைட்டு என்று எழுந்துவிடுவேன். ‘எழவு வீட்லயும் அண்ணன் ரைட்டுன்னுதான் சொல்லும்’ என்கிறாள் உன் அம்மா.

உன்னை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் நேற்று வந்தார். அந்த ஓட்டல் சலவைக்கூடத்தில் உன் இரண்டு வருடம் முடியப்போகிறதாம், இன்னும் இரண்டு வருடம் போடலாமாம். ‘பொண்ணு சரின்னுதான் சொல்லுது. தாய்மாமன் நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிச்சிரலாம்’ என்றார். வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை.

போன தடவை அவர் அதே நாற்காலியில் இருந்து கேட்டபோது, நீ சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். அதற்குள் நான் ரைட் கொடுத்துவிட்டேன். படியில் கால் வைத்தவர் ஏறிவிட்டாரா என்று பார்க்காமல் எந்தக் கண்டக்டரும் ரைட் கொடுக்கமாட்டான், வாலு. நான் உன் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்பெல்லாம் ஒரு போனில் ஒன்பது தடவை என் காலை வாருவாய். இப்போது ‘இன்னிக்கு எத்தனை படுக்கை விரிப்பு தேச்சே’ என்றால், ‘எண்ணல மாமா. எல்லாம் ரைட்டு’ என்று வைத்துவிடுகிறாய்.

ஏஜென்டிடம், பிள்ளை கைப்பட எழுதட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். உன் அம்மா உன் கட்டிலில் அடுக்கியிருந்த பழந்துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.

இருக்கப் பிரியமென்றால் இரு. இல்லையென்றால், இறங்க வேண்டியவர்கள் கத்துவதுபோல ‘ஹோல்டான்’ என்று ஒற்றைச் சொல் எழுதிப் போடு. காரணம் கேட்கமாட்டேன். உன் பதில் வரும்வரை இந்த வீட்டில் ரைட்டுக்கு விடுமுறை.

நன்றாக இரு, தாயி.

படியையே பார்த்து நிற்கும்
உன் மாமன்