கூழாவடி வீட்டை இமெல்டாவுக்குக் கொடுக்கலாமா

மட்டக்களப்பு,
ஆவணி 2010.

அன்பு மகள் தனுஷாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் தம்பியும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகனும் சின்னவளும் காய்ச்சல் தடிமன் ஏதுமில்லாமல் இருக்க வேண்டுமென்று களுதாவளைப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் கதைத்தால் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல காசு முடிந்து லைன் அறுந்துவிடுகிறது, அதுதான் பேனையை எடுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் உளைவு இன்னும் போகவில்லை, எண்ணெய் பூசிக்கொண்டு திரிகிறார், டொக்டரிடம் போவோம் என்றால் அடுத்த கிழமை என்கிறார். தம்பி நிதுர்ஷன் இப்போது என்னோடு வவுணதீவுக்கு நெல் வாங்க வருகிறான். சாக்கின் வாயில் கிடக்கும் நெல்லைப் பார்த்து விலை பேசுகிறான், அடியில் கைவிட்டுப் பார்க்கப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கம் போவதற்கு முன்போல் ஆமியின் சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நின்று பையைக் கொட்டிக் காட்ட வேண்டியதில்லை, பஸ்ஸில் இருந்தபடியே போய்வருகிறோம், அதற்கே இன்னும் பழகவில்லை.

சரி, விஷயத்துக்கு வாறேன். கூழாவடியில் உனக்குச் சீதனமாக எழுதிய வீட்டைப் பூட்டியே வையுங்கள், ஆரையும் இருத்தினால் பிறகு எழுப்ப ஏலாது என்று போன முறை நீ சொன்னாய். உன் மாமியாரின் காணியில் இருந்தவர்கள் இன்றுவரை எழும்பாமல் வழக்குப் பேசுவதைப் பார்த்துப் பயப்படுகிறாய், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மகள், பூட்டிய வீட்டில் கறையான் குடியேறிவிட்டது. அது வாடகையும் தராது, சொன்னால் எழும்பவும் மாட்டாது. இந்த நேரத்தில்தான் இமெல்டா என்றொரு பிள்ளை வீடு கேட்டுக் கடைக்கு வந்தாள். பள்ளிப் பிள்ளைகளின் உடுப்புத் தைக்கிறவள், புருசன் ஜொய்சனுக்குக் கட்டாரில் வேலை, டினோஷா என்று ஒரு மகள். முகத்தைப் பார்த்து வீடு கொடுக்கிறவன் நானில்லை என்று உனக்குத் தெரியும். இதற்கு முதல் எங்கே இருந்தாய், ஆருடைய வீடு என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் இரண்டு இடம் சொன்னாள், போய்க் கேளுங்கள் என்றாள்.

முதலில் இப்போது அவள் இருக்கும் தாமரைக்கேணி வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரன் கோணாமலை பக்கத்திலேயே இருக்கிறான், அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்து பென்சன் எடுத்தவன். அவன் என்னை இருத்தி வைத்து, வேணாம் அண்ணன், அது வாய்க்காரி, சுவரெல்லாம் ஆணி அடிப்பாள், தையல் மெசின் சத்தத்தில் மனிசன் படுக்க ஏலாது என்று அடுக்கிக்கொண்டே போனான். முப்பது வருசம் வியாபாரம் செய்தவனுக்கு, நெல்லைக் குறை சொல்லுகிறவன்தான் அதை விடமாட்டான் என்று தெரியாதா? அதோடு நம்மூரில் வீடு பொம்பிளையுடையது, புருசன் வாயில் வருவது பாதிக் கதைதான். குடிக்கத் தண்ணி கேட்டேன். அவன் மனைவி கண்ணகை செம்போடு வந்தவள், என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டாள். என்ட வீட்டில இருக்கிற பிள்ளைய நீங்க என்னத்துக்குக் குறை சொல்றீங்க, அவ போயிட்டா உங்கட காற்சட்டைக்கு ஆரு சும்மா பட்டி மாத்தித் தாற எண்டு யோசிக்கிறீங்களாக்கும் என்றாள். கோணாமலை பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். அவர்களின் மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டதாம், வீடு மகளுக்கு வேணுமாம். அதைக் கேட்ட அன்றே இமெல்டா, நான் வேற இடம் பாக்கிறன் அக்கா, நீங்க கலியாண வேலையப் பாருங்க என்றாளாம். எழும்பச் சொன்னவுடன் எழும்புகிறவள் என்று அப்போதே மனதுக்குப் பட்டது. ஆனாலும் ஒரு வாயை நம்பி நான் ஒரு சாக்கும் ஏற்றியதில்லை.

கல்குடாவுக்குப் போனேன். அங்கே சில்வெஸ்டர் என்ற மீன்பிடிகாரனின் வீட்டில்தான் அவள் சுனாமிக்கு முதல் குடியிருந்தவள். அந்த வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது, அத்திவாரம்தான் மிஞ்சியது, காணி உறுதிப் பத்திரமும் தண்ணியோடு போய்விட்டது. சில்வெஸ்டரும் மனைவியும் காயப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் வீடு இழந்தவர்களைப் பதிய ஆட்கள் வந்திருக்கிறார்கள். அத்திவாரத்தில் இமெல்டாதான் கைப்பிள்ளையோடு நின்றிருக்கிறாள். உங்கட வீடா என்று கேட்டார்களாம். இல்ல, நான் வாடகைக்கு இருந்தன், வீடு சில்வெஸ்டர் அண்ணன்ட பொஞ்சாதிட, அவங்க ஆஸ்பத்திரியில எண்டு எழுதுங்க என்றாளாம். எழுதும்வரைக்கும் அவர்களை அசைய விடவில்லையாம். வாடகைக்கு இருந்தவர்களுக்கு வீடு கிடையாது என்று தெரிந்துதான் சொன்னாள் மகள். அவளுக்குக் கிடைத்தது ஒரு கூடாரம், சில்வெஸ்டர் குடும்பத்துக்குக் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டு விறாந்தையில் இருந்துதான் அவன் எனக்கு இதைச் சொன்னான். அவ ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, இண்டைக்கு நான் அவட வாசல்ல வாடகைக் காசோட நிண்டிருப்பன் ஐயா என்று சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். குறை ஒன்றுமில்லையா என்று கேட்டேன். இரிக்கு, ஒழுக்கு எண்டா விடமாட்டா, கூரைக்கு ஆள் ஏறும் வரைக்கும் கேட்டுக் கேட்டு உசிர எடுப்பா என்றான். எத்தனையோ பேரோடு கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறேன், கேட்க ஆளில்லாத இடத்தில் மற்றவனுடையதை மற்றவனுடையது என்று சொன்ன ஆட்களை விரல்விட்டு எண்ணலாம்.

திரும்பி வந்து, வீடு சரி என்று இமெல்டாவிடம் சொல்லப் பெருமையோடு போனேன். அவள் துணியில் இருந்து தலையை எடுக்காமல், நானும் உங்களப் பத்தி விசாரிச்சிட்டன் ஐயா என்றாள். ஆரிடம் என்றேன். நம்முடைய ஸ்டோர் கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருந்தாரே காத்தான்குடி முகைதீன்பாவா, அவரைத் தேடிப் போயிருக்கிறாள்! அவர் சொன்னாராம், நேர்மையான மனிசன், இடையில வாடகைய ஏத்த மாட்டாரு, ஆனா கூரை ஒழுகுது எண்டு சொன்னா மழை விட்ட பிறகுதான் வந்து பாப்பாரு என்று. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த மனிசன் பொய் சொல்லவில்லை. மாரிக்கு முதல் ஓடு மாற்றித் தந்தால்தான் வருவாளாம், சம்மதித்துவிட்டேன், மேசனுக்கும் சொல்லியாயிற்று. சாமியறையைத் தொடமாட்டாளாம், வெள்ளிக்கிழமையில் அம்மா வந்து விளக்கு வைக்கலாமாம், அம்மாவுக்கு அதில் நல்ல சந்தோசம்.

பிறகு சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. வீடு ஆருடையது என்று கேட்டாள். மகளுடையது, வெளிநாட்டில் இருக்கிறாள் என்றேன். அப்ப அவட வாயால நான் கேக்கணும் ஐயா, குறை நினைக்காதீங்க, உங்களுக்கும் வயசாகுது, நாளைக்கு உங்களுக்கு ஒண்டு எண்டா நான் ஆரு, எப்படி வந்தன் எண்டு அந்தப் பிள்ளைக்குத் தெரியணும், கேட்ட நேரம் நான் வீட்டைக் குடுப்பன் எண்டதையும் அவட காதால கேக்கட்டும் என்றாள். இத்தனை நாளும் நான் உனக்காக யோசித்தேன் மகள், அவளை உன்னோடேயே கதைக்கவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் எண்ணம் கொடுக்கலாம் என்பதுதான். வேண்டாம் என்றால் மனம் நோகமாட்டேன், திரும்பவும் பூட்டிவிடுவேன். ஆனால் பதிலை எனக்குச் சொல்லாதே, அவளுக்குச் சொல். உன் பயத்தை மறைக்காமல் அப்படியே கேள், அவள் கோபிக்கிறவள் இல்லை. அவளுடைய நம்பரையும் சில்வெஸ்டரின் நம்பரையும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கண்ணகையின் மகளுக்குக் கலியாணம் ஐப்பசியில், அதற்குள் அவளுக்குப் போன் எடுத்துவிடு.

மருமகனை இரவு வேலைக்குப் போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல். சின்னவளோடு வீட்டில் தமிழில் கதையுங்கள். பிள்ளையார் உங்களுக்குக் குறை வைக்கமாட்டார்.

அம்மாவின் முத்தங்களோடும் என் ஆசியோடும்,
அப்பா
க. கனகசிங்கம்