எட்டு மடங்கு கண்ணூறு

பொலிகண்டி,
வியாழன் காலை.

அன்பு மகள் நிவேதனாவுக்கு,

நீயும் மருமகனும் அந்தக் குளிர் நாட்டில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று முருகனை மன்றாடிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். தம்பி பார்த்தீபன் இப்போது கடலில் நிற்கிறான், ஆகவே அவனுடைய சுகத்தை இந்த நேரத்தில் உறுதியாக எழுத வழியில்லை, விடியப்புறம் வெளிக்கிடும்போது சுகமாக இருந்தான். தினமும் போனில் கதைக்கிறோமே, பிறகேன் அப்பா கடதாசியும் பேனையும் எடுத்தார் என்று யோசிப்பாய். அம்மா போனைச் சத்தமாகப் போட்டுத்தான் கதைப்பார் என்பது உனக்குத் தெரியும், அவருடைய காதைத் தாண்டி ஒரு சொல்கூட இந்த வீட்டை விட்டு வெளிநாடு போகாது. தபாலில் போட்டால் காலம் பிந்திவிடும், ஆகவே எழுதி முடித்ததும் படமெடுத்து உன் வட்சப்புக்கு அனுப்புவேன். வாசித்ததும் அழித்துவிடு.

விஷயம் நீ தைப்பொங்கலுக்கு முதல் அனுப்பிய பைனாகுலரைப் பற்றியது. குற்றம் உன்னுடையதல்ல. பத்து மடங்கு பெருக்கிக் காட்டுவதை வாங்கட்டா என்று நீ கேட்டாய், நான்தான் வேண்டாம், எட்டுப் போதும் என்று ஒரு கட்டுரையே எழுதி அனுப்பினேன். பெருக்கம் கூடக் கூடக் கைநடுக்கமும் சேர்ந்து பெருகும், தெரிகிற வட்டம் சுருங்கும், அதற்குள் ஒரு வள்ளத்தைத் தேடிப் பிடிக்கும்போது வள்ளம் கரைக்கே வந்துவிடும் என்றெல்லாம் விளக்கினேன். முன்கண்ணாடி இருபத்தைந்து மில்லிமீற்றர் இருக்க வேண்டும், உப்புக்காற்றின் ஈரம் உள்ளே போகக்கூடாது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிய வேண்டும், மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டேன். காரணம் உண்டு. மருதனார்மடச் சந்தையில் சிவப்புக் கண்ணாடி போட்டு அறுபது மடங்கு என்று அச்சடித்து விற்றதைப் போன வருடம் வாங்கி, ஒரு வள்ளத்தை இரண்டு வள்ளமாகப் பார்த்துத் தலையிடியோடு படுத்தவன் நான். இந்த முறை தரத்தில் ஒரு பிழையும் விடவில்லை. அதனால்தான் மற்ற எல்லாப் பிழையும் வந்தது.

பெட்டியைப் பிரித்ததும் அம்மா அதைச் சாமித்தட்டில் வைத்துப் புதுச் சாமானுக்குச் செய்கிற மரியாதையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வெளிக்கூட்டில் அல்ல, இரண்டு முன்கண்ணாடியிலும் நட்டநடுவில், நெற்றிக்கு வைப்பது போல. காய்ந்த சந்தனத்தை உரஞ்சினால் கண்ணாடியின் பூச்சுக் கீறுப்பட்டுவிடும் என்று நான் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து முடிக்க அரை நாள் போயிற்று. பிறகு பாவிக்கும் முறையைப் படிப்பித்தேன். இரண்டு வட்டமும் ஒரு வட்டமாகும்வரை நடுவில் மடக்கி விரிக்க வேண்டும், வலக்கண்ணை மூடிக்கொண்டு நடுச்சில்லைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும், பிறகு இடக்கண்ணை மூடி வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குச் சரிசெய்ய வேண்டும், அந்த வளையத்தை ஒருமுறை சரிசெய்தால் பிறகு தொடத் தேவையில்லை. எனக்கு இது விளங்க இரண்டு நாள் எடுத்தது. அம்மாவுக்கு ஐந்து நிமிடம்.

அன்றிலிருந்து அவர் விடிந்ததும் மேல்மாடிக்கு ஏறிவிடுவார். தம்பியும் அவனோடு ஒரே வள்ளத்தில் போகிற ஜெறோமும் மூன்று கிலோமீற்றர் அளவில் வலை வளைப்பார்கள், கண்ணாடிக்குள் அது நானூறு மீற்றருக்கும் குறைவு. மகன் கண்ணில் பட்டால் மனம் ஆறும் என்பது என்னுடைய எண்ணம். முன்பு அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு பயம், அவன் திரும்பி வருவானோ என்பது. இப்போது தொப்பியைக் கழற்றிவிட்டான், மிதவைச் சட்டையைச் சுருட்டி அதன்மேல் இருக்கிறான், கட்டிக் கொடுத்த புட்டை ஜெறோம் சாப்பிடுகிறான் என்று மணிக்கு ஆறேழு பயம். கடலில் போன் தொடர்பு கிடைத்த ஒரு நாள் கூப்பிட்டு, "தம்பி, முதல்லை தொப்பியைப் போடு" என்றார். அவன், "எணை, நான் கடலிலை ஒண்டுக்கும் போகேலாதோ?" என்று கத்தினது எனக்கே கேட்டது.

அதோடு கதை கரை முழுக்கப் பரவியது. ஜெறோம் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற பிள்ளை, ஆனால் கண்ணூறு விஷயத்தில் இந்தக் கரையில் எல்லாரும் ஒரே சமயம். "மச்சான், கொம்மா கண்ணாடி பிடிச்ச நாளிலையிருந்து மீன் படுகுதோ பார். சும்மா கண் பட்டாலே வலை வெறுமை. இது எட்டு மடங்கு கண்" என்று சொல்லியிருக்கிறான். எட்டு என்ற கணக்கு அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, கரையில் வைத்துப் பெருமையாக விளக்கியவன் நான்தான். அம்மா விடவில்லை, "பெத்த தாயின்ரை கண் பிள்ளைக்கு ஊறு செய்யுமோ?" என்று கேட்டார். தம்பி, "பெத்த கண்தானணை எல்லாத்தையும் விடக் கூடப் படும்" என்றான். சின்ன வயதில் அவன் வடிவாக வெளிக்கிட்ட நாளெல்லாம் தானே மிளகாய் சுற்றிப்போட்டவர், கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறினார். இத்தனை புத்தகம் வாசித்த நான் பத்திரிகையை எடுத்து விரித்தேன்.

அடுத்த கிழமையே அவர்கள் இடத்தை மாற்றிவிட்டார்கள். எங்கள் மேல்மாடியிலிருந்து வானமும் கடலும் ஒட்டுகிற கோடு பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது, அதற்கு அப்பால் எவ்வளவு தரமான கண்ணாடி என்றாலும் பூமி வளைந்த வளைவுதான். அவர்கள் அந்தக் கோட்டுக்கு அப்பால் போய்விட்டார்கள். அங்கேதான் அக்கரையிலிருந்து வருகிற இழுவைப் படகுகளின் ஓட்டம். மாசியில் பக்கத்து ஊர் வள்ளம் ஒன்றின் வலையை அறுத்து, வள்ளத்தையும் இடித்துவிட்டுப் போனார்கள், இரண்டு பேர் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மத்தியானம்வரை மிதந்தார்கள். தம்பியிடம் போய், கிட்ட நில் மகன் என்றேன். "அம்மா கண்ணாடியை வைக்கட்டும், நான் கிட்ட வாறன்" என்றான். அம்மாவிடம் போனேன். "அவன் கிட்ட வரட்டும், நான் வைக்கிறன்" என்றார். குசினிக்கும் முற்றத்துக்கும் இடையில் நான்கு நாள் நடந்தேன். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, எனக்குக் கால் நோவுதான் மிச்சம்.

ஐந்தாம் நாள், அம்மா கோயிலுக்குப் போன நேரம், நான் அந்த வலப்பக்க வளையத்தை ஒரு அந்தம்வரை திருப்பிவைத்தேன். தெளிவில்லாவிட்டால் சலித்துப்போய் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் சலிக்கவில்லை. துடைத்துத் துடைத்துப் பார்த்தார், இடக்கண்ணை மூடிப் பார்த்தார், கீழே இறங்கினார். வளையத்தைத் தொடத் தேவையில்லை என்று நான் படிப்பித்ததை அவர் மறக்கவில்லை, அதனால் தொடவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, "இஞ்சாருங்கோ, என்ரை வலக்கண் போட்டுது. பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். வெறும் கண்ணுக்கு எல்லாம் தெரிகிறதே என்று கேட்டேன், அது பழகின வீடு, ஞாபகத்தில் தெரிகிறது என்று விளக்கம் தந்தார். இப்போது ஊசியில் நூல் கோப்பது நான், பத்திரிகையில் மரண அறிவித்தல் வாசித்துக் காட்டுவதும் நான். அம்மா அழவில்லை, அழுதிருந்தால் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பேன்.

தம்பியிடம் ஓடிப்போய், அம்மா இனிப் பார்க்க மாட்டார், கிட்ட வா என்றேன். "அப்பா, வெளியிலை நல்லா மீன் படுது. இனி என்னெண்டு விட்டிட்டு வாறது?" என்றான். ஜெறோம், பார்த்தீங்களோ ஐயா, கண் எடுபட்டவுடனை மீன் வந்திட்டுது என்று எனக்கே நிரூபித்துக் காட்டினான். பிழையான முறையில் சரியான முடிவுக்கு வந்தவனோடு எப்படி வாதாடுவது. அம்மாவிடம் மட்டும், அவன் சொல்லுக் கேட்டுக் கிட்ட வந்துவிட்டான் என்று சொல்லிவைத்தேன்.

பிள்ளை, உன்னிடம் கேட்பது இதுதான். தம்பி நீ சொன்னால் கேட்பான், என்னைப் புத்தகம் வாசிக்கிற மனிசன் என்று ஒதுக்கி வைத்திருக்கிறான். எங்கள் நேரம் காலை பதினொரு மணிக்கு அவன் கரையில் வலை தெரிந்து மீன் கழற்றிக்கொண்டிருப்பான், உனக்கு அது விடிந்தும் விடியாத நேரம், அவனுடைய போனுக்கு எடு. மீன் குறைந்தாலும் பரவாயில்லை, கோட்டுக்கு உள்ளே நில் என்று உன் வாயால் சொல். வருகிற செவ்வாய் அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன், திகதி எடுத்தாயிற்று, தவிர்க்க முடியாது. இரண்டு கண்ணும் வடிவாக இருக்கிறது என்று டொக்டர் சொல்லுவார், புதன் காலை அம்மா பைனாகுலரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு மேலே ஏறுவார், அப்போது அதற்குள் தெரிகிற தூரத்தில் அவன் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது தெரியவருவது பெரிதல்ல, அவன் இன்னும் கோட்டுக்கு அப்பால்தான் நிற்கிறான் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் சாப்பிடுவாரோ என்பது எனக்குச் சந்தேகம்.

இந்தக் கடதாசியை மேல்மாடியிலிருந்துதான் எழுதுகிறேன். கண் போய்விட்டது என்று முடிவெடுத்த நாளே அம்மா பைனாகுலரை என்னுடைய கையில் தந்து, "நீங்கள் பாருங்கோ, என்ன தெரியுது எண்டு எனக்குச் சொன்னால் காணும்" என்றார். தினமும் வளையத்தை என்னுடைய கண்ணுக்குத் திருப்பிப் பார்க்கிறேன். வெறும் கோடு. இன்றைக்குக் கோட்டின் மேலே மூன்று இழுவைப் படகுகளின் மேற்பக்கம் மட்டும் தெரிகிறது, உன்னுடைய கண்ணாடி அவ்வளவு தெளிவு. தம்பி நிற்கிறானோ என்று கீழேயிருந்து கேட்டார், நிற்கிறான் என்றேன். தொப்பி போட்டிருக்கிறான் என்றும் சேர்த்துச் சொன்னேன். இப்போதுதான், "எழும்பி அவனுக்கு ஒருக்கால் கையைக் காட்டுங்கோவன்" என்றார். எழும்பிக் காட்டினேன். அவன் திருப்பிக் காட்டினவனோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

உனக்கும் மருமகனுக்கும் எல்லா நன்மையும் கூடிவர எங்கள் இருவரின் ஆசீர்வாதம். காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வெளிக்கிடு. பதினொரு மணி, தம்பியின் போன், மறந்துவிடாதே.

என்றும் உன் நன்மையை நினைக்கும் அப்பா,
பொ. கனகலிங்கம்