வினிகரில் ஊறிய அம்மோனைட்

மார்ச் 4
நூலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி காலியாம். நான் சேர்த்த புதைபடிவக் கற்களை ஒரு மாதம் அதில் வைக்கலாம் என்று நூலகர் சொல்லிவிட்டார். வீட்டில் சொன்னேன். "ஒரு மாசம் போதுமா? ஒரேயடியா வெச்சுக்கச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

மார்ச் 7
மகள் தன் அம்மோனைட்டையும் தருகிறாள். கல்லாகிப்போன கடல் பிராணி, சுருட்டிய சங்கு மாதிரி. ஒன்பது வயதில் ஆற்றுச் சரிவில் அவளே கண்டெடுத்து, சுற்றியிருந்த பாறையை இரண்டு வருஷம் ஊசியால் சுரண்டி வெளியே கொண்டுவந்தது. வேலைக்குப் போகிற பெண் ஆகியும் யாரையும் தொட விடமாட்டாள். "அப்பா, தூசி மட்டும் தட்டுங்க. வேற எதுவும் பண்ணாதீங்க."
என்னைச் சின்னப் பிள்ளை என்றா நினைத்தாள்?

மார்ச் 9
சின்னப் பிள்ளையேதான்.
இடுக்கில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. இருபத்தைந்து வருஷ பிளம்பர் நான். குழாயில் வெள்ளைக் கறை என்றால் வினிகரில் போடுவேன். போட்டேன். நுரை பொங்கியது. அழுக்கு என்னமாய்ப் போகிறது என்று நின்று ரசித்தேன் — ரசித்தேன்! போனது அழுக்கு இல்லை. கறையும் சுண்ணாம்பு, அம்மோனைட்டும் சுண்ணாம்பு. வரி வரியான மேடெல்லாம் மழுங்கி, சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி கிடக்கிறது.
"கோடிக்கணக்கான வருஷமா கெடாம இருந்துச்சுங்க. உங்க கையில ஒண்ணரை மணி நேரம் தாங்கலை" என்றாள் மனைவி.

மார்ச் 10
மகளிடம் சொல்லவில்லை.

மார்ச் 11
கல் விற்கிறவர் அச்சு அசலாக அதே மாதிரி ஒன்று காட்டினார். கையில் எடுத்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டால்? சரி, திட்டு வாங்கலாம். கண்டுபிடிக்காமல் போய்விட்டால்? கீழே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 12
சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத்தான் சொன்னேன்.
"நுரை வந்தப்பவாவது எடுத்திருக்கக் கூடாதாப்பா?"
"நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சேன்மா."
கல்லை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 15
அலமாரியை அடுக்கினேன். நடுவில் என் ட்ரைலோபைட்: மரவட்டை மாதிரிக் கல்பூச்சி, முதுகு முள் ஒன்றுகூட உடையாமல் ஆறு மாதம் செதுக்கியது. மகள் வந்தாள். அதை ஓரமாகத் தள்ளினாள். நடுவில் தன் அம்மோனைட்டை வைத்து, கீழே ஒரு சீட்டு:
'கண்டெடுத்தது: நான். வினிகரில் ஊறவைத்தது: என் அப்பா. தொழில்: பிளம்பர்.'

மார்ச் 22
ட்ரைலோபைட்டை ஒரு ஜென்மமும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆறு மாத வேலை! எல்லாரும் அந்தச் சீட்டைப் படித்துச் சிரிக்கிறார்கள். சிலர் மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்கிறார்கள். அவர்களுக்கு நானே படித்துக் காட்டுகிறேன், 'என் அப்பா' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி.