அணைக்காமல் வைத்திருக்கிறேன்

அன்பு மகள் வகானாவுக்கு, தகாசாகியிலிருந்து அம்மா தொகியே எழுதுவது. இங்கே நானும் வீடும் உன் அப்பா வைத்துவிட்டுப் போன செடிகளும் சௌக்கியம், நீயும் அந்த ஓயாத மழை ஊரில் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே மழைக்காலம் ஓய்ந்துவிட்டது, விடிந்தது முதல் சிள்வண்டுச் சத்தம், வெயில் அடிக்கிற அடியில் வாசலில் துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய், போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நீ அனுப்பிய நார்வே மீன் பொட்டலம் வந்தது, பக்கத்து வீட்டு இசொபே அக்காவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன், “உங்க பொண்ணு இருக்கற ஊர்ல உப்பு ரொம்ப மலிவு போல”ன்னு சொல்லிக்கொண்டே மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டார். முட்டி வலி பரவாயில்லை. பள்ளிச் சமையல்கூடத்தில் என்னோடு வேலை செய்தவர்கள் மாதம் ஒருமுறை கூப்பிடுகிறார்கள், போய்ச் சிரித்துவிட்டு வருகிறேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அம்மா வீடியோ கேம் விளையாடுகிறேன். போன அக்டோபரில் அப்பா போன பிறகு குளிர்காலம் முழுக்க என்ன செய்வதென்றே தெரியவில்லை, சோறு பொங்கினால் இரண்டு பேருக்கு வந்துவிடுகிறது, மாலையில் ரயில் சத்தம் கேட்டால் கை தானாக அடுப்பைப் பற்ற வைக்கிறது. ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது அப்பா செய்த ‘சோச்சின்’ கேம் கேசட்டுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் காகித விளக்குக் கதையையே கட்டிக்கொண்டு அழுதார், நானோ ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. சரி, இத்தனை வருஷம் ராத்திரி ரயிலில் வந்து ஆறின சோறு சாப்பிட்டவர் அந்தக் கேம் கம்பெனியில் என்னதான் செய்தார் என்று பார்ப்போம் என்று முதல் பாகத்தைப் போட்டேன். எனக்குப் படிப்பு கம்மி என்பது உனக்குத் தெரியும், செய்தித்தாளில் பாதி எழுத்து எனக்குப் படமாகத்தான் தெரியும். ஆனால் இந்த விளையாட்டில் சின்னக் குழந்தைகள் படிக்கிற எளிய எழுத்து மட்டும்தான். பழைய மெஷினில் மற்றதெல்லாம் வராதாம். எழுத்துக் கூட்டிப் படித்தால் எல்லாம் புரிகிறது, எனக்கென்றே எழுதினது போல. முதல் பாகத்தில் வரைபடம் கிடையாது, ஊர்க்காரர்களிடம்தான் வழி கேட்க வேண்டும். ஒருத்தி சொல்கிறாள், “தோஃபு கடை வாசல்ல பூனை தூங்கும் பாரு, அது எந்தப் பக்கம் தலை வச்சிருக்கோ அந்தப் பக்கம் திரும்பு”ன்னு. இப்படி வழி சொல்வது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் நான் சொன்ன வழியில் போய் அவர் எத்தனை தடவை ஆற்றங்கரையில் நின்றிருக்கிறார். அந்தக் கதாநாயகனும் ஆற்றங்கரையில்தான் நிற்கிறான். அவனுக்கு எத்தனை நாள் நடந்தாலும் பலம் கூடாது, வாளும் கிடையாது, கையில் விளக்கு மட்டும். பூதம் வந்தால் விளக்கைத் தூக்கி முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டால் அது போய்விடும். அந்தக் காலத்தில் வாங்கினவர்கள் கம்பெனிக்குப் போன் பண்ணி, கேசட் கெட்டுப்போயிருக்கிறது, ஆள் வளரவே மாட்டேன் என்கிறான் என்று சண்டை போட்டார்களாம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாம் பாகம் நீயும் நானும் கொடுத்த யோசனை. நீ அழுது அழுது தரையில் புரண்டாயே, நான் வேக்குவம் கிளீனரால் மெஷினை இடித்து நீ சேவ் பண்ணி வைத்ததெல்லாம் போயிற்று என்று. நாட்டிலுள்ள அம்மாக்கள் எல்லாரும் அதைச் செய்தார்கள், பழி மட்டும் இந்த வீட்டில் என் மேல் இன்னும் இருக்கிறது. அப்பா அன்றைக்கு உன்னைத் தூக்கிவைத்துக்கொண்டு யோசனையாக உட்கார்ந்திருந்தார், அந்த இரண்டாம் பாகத்தில் பார்த்தால் கதாநாயகன் புதிதாக ஒன்று கற்றுக்கொண்டால் பழையதில் ஒன்றை மறந்துவிடுகிறான். எதை மறப்பது என்று நாம்தான் சொல்ல வேண்டும். நான் அவன் அம்மா பெயரை மட்டும் கடைசிவரை மறக்கவிடவில்லை, அதனால் நீந்தத் தெரியாமல் போய் முங்கி முங்கி எழுந்தான். நாலாவதில் யாரும் பேசவே மாட்டார்கள், அஞ்சாவது விடியற்காலையில் மட்டும்தான் நடக்கும், அதற்கு வந்த திட்டு கொஞ்சமில்லை. ஆறாவது கைபேசியில் வந்தது, நாம் நிஜமாகவே தெருவில் நடந்தால்தான் விளக்கு எரியும், அதைத்தான் ஊர் உலகமெல்லாம் கொண்டாடினது. ஒன்றைப் பிடித்தவனுக்கு அடுத்தது பிடிக்காது. ஏன் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, “ஒரே சாப்பாட்டையே திருப்பித் திருப்பிப் போட்டா சாப்பிடறவன் தூங்கிடுவான்”னு சொன்னார். “என்னோட மிசோ சூப்பை தினமும்தான் குடிக்கறீங்க, தூங்கவா செய்யறீங்க?”ன்னு கேட்டேன். “அதனாலதான் நான் வேலைக்கே லேட்டாப் போறேன்”னு சொன்னாரே பார்.

மூன்றாம் பாகத்துக்குத்தான் வருகிறேன். அது இரண்டு பேர் சேர்ந்து விளையாட வேண்டியது, ஒருவர் நடக்க வேண்டும், இன்னொருவர் விளக்குப் பிடிக்க வேண்டும், நடப்பவருக்கு விளக்குக்காரர் காட்டுகிற இடம் மட்டும்தான் தெரியும். துணைக்கு ஆள் வேண்டுமே, இசொபே அக்காவைக் கூப்பிட்டேன். “எனக்கு ரைஸ் குக்கர் பொத்தானைத் தவிர வேற எதுவும் தெரியாது”ன்னு வந்தவர் இப்போது மதியம் ஆனால் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே “நேத்து எங்க விட்டோம்?”னு கேட்கிறார். நீயும் அப்பாவும் கேசட்டில் முதல் இடத்தில் சேவ் பண்ணி வைத்திருக்கிற ஆட்டத்தை நாங்கள் தொடவில்லை, இரண்டாவது இடத்தில் புதிதாக ஆரம்பித்தோம். அக்கா நடப்பவர், நான் விளக்கு. “விளக்கை ஆட்டாதீங்க தொகியே, எனக்குக் கப்பல்ல போற மாதிரி இருக்கு”ன்னு திட்டுவார், “நீங்க செவுத்துல முட்டிக்கிட்டே நின்னா நான் எதைக் காட்டறது?”ன்னு நானும் திட்டுவேன். ஒரு நாள் ஒற்றைப் பலகைப் பாலம் வந்தது, ஒருவர்தான் முதலில் போகலாம். நான் “நீங்க போங்க அக்கா”ன்னு சொன்னேன், அவர் “சேச்சே, விளக்கு வச்சிருக்கறவங்க போகட்டும்”னு சொன்னார், “இல்லயில்ல, பெரியவங்க முதல்ல”, “இது உங்க வீடு, நீங்கதான் முதல்ல”ன்னு இருவரும் கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவருக்கொருவர் குனிந்து குனிந்து வணக்கம் போட்டதில் இரண்டு பேர் விரலும் ஒரே நேரத்தில் அவரவர் கன்ட்ரோலரில் அதே பொத்தானில் அழுந்திவிட்டது. டிங் என்று ஒரு சத்தம். பார்த்தால் என் ஆள் கையிலிருந்த விளக்கு அக்கா ஆள் கைக்குப் போய்விட்டது. இப்போது அவர்தான் நின்று காட்டுகிறார், என்னால்தான் நடக்க முடிகிறது. உடைத்துவிட்டோம் என்று இரண்டு பேரும் நடுங்கிப்போனோம்.

கடைத்தெருவில் பழைய கேம் கடை வைத்திருக்கிற நெமொதோவிடம் போய்ச் சொன்னேன், பள்ளிக்கூட நாளிலிருந்து அப்பா கேம் என்றால் உயிரை விடுகிறவன், அப்பா சாவுக்கு வந்து உன்னைவிட அதிகமாக அழுதானே, அவன்தான். “அது பழுதும்மா, விளையாடறவங்க பழுதுன்னே எழுதி வச்சிருக்காங்க, ஒரே நொடியில ரெண்டு பேரும் அமுக்கினா விளக்கு மாறிடும், புத்தகத்துல அப்படி ஒண்ணும் கிடையாது”ன்னு சொன்னான். ஆனால் வகானா, உன் அப்பா லிஃப்ட் கதவு முன்னால் “நீங்க போங்க, நீங்க போங்க” என்று நண்பரோடு குனிந்துகொண்டே நின்று, கதவு மூடிக்கொண்டு லிஃப்ட் காலியாகவே மேலே போன ஆள். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்காமலா இருந்திருப்பார். அது பழுது இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால் முதல் இடத்தில் இருக்கிற உங்கள் ஆட்டத்துக்காக. உனக்கு அப்போது எட்டு வயது. நீ நடப்பவள், அப்பா விளக்கு. கடைசிக் கதவு வரை வந்தீர்கள், அந்தக் கதவுக்குள் ஒருவர்தான் போக முடியும், விளக்குக்காரர் வெளியே நின்று அவர் போய்ச் சேரும்வரை வெளிச்சம் காட்ட வேண்டும். நீ கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டு, “அப்பாவை இருட்டுல விட்டுட்டு நான் போக மாட்டேன்”னு அழுதாய். அப்பா “வேண்டாம்னா வேண்டாம், இங்கயே நிப்போம், உனக்கு எப்ப தோணுதோ அப்ப போலாம்”னு சேவ் பண்ணி எடுத்து வைத்தார். அப்புறம் நீ வளர்ந்தாய், வேலை, கல்யாணம், நார்வே. அவரும் அதைத் தனியாகவோ வேறு யாரோடோ முடிக்கவில்லை. விளக்கை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை உன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அப்பா படத்தைப் பார்த்துக் கேட்டேன். செய்தவன் வாயைத் திறக்கக் கூடாது, விளையாடுகிறவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று எப்போதும் சொல்வாரே, அந்தப் பிடிவாதம்தான்.

போன மாதம் ஒரு நாள் காலையில் போட்டால் எங்கள் ஆட்டம் காணோம். இசொபே அக்கா நடந்த நடையெல்லாம் போயிற்று. உங்களுடையது மட்டும் இருந்தது. நெமொதோ வந்து கேசட்டைத் திறந்து பார்த்து, உள்ளே இருக்கிற பேட்டரி சாகப்போகிறது, அதை மாற்றினால் சேவ் போய்விடும், மாற்றாவிட்டாலும் எந்த நேரமும் போய்விடும், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்வரை மட்டும் மறக்காது என்று சொன்னான். கேசட்டைத் திரும்பப் போட்டோம், இசொபே அக்கா கண்ணை மூடிக்கொண்டார், உங்கள் இரண்டு பேர் பெயரும் வந்தது. அன்றிலிருந்து நான் மெஷினை அணைக்கவில்லை. டிவியை மட்டும் அணைப்பேன். அப்பா படம் இருக்கிற மாடத்துக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது, தொட்டால் பூனை வயிறு மாதிரிச் சூடாக இருக்கிறது, சூடு ஏறக் கூடாதென்று சின்ன மின்விசிறி வைத்திருக்கிறேன். அந்த அறையில் வேக்குவம் கிளீனர் கூடாது, துடைப்பம்தான். நீ சின்ன வயதில் செய்வாயே, அதேபோல “அணைக்காதே” என்று ஒரு காகிதம் எழுதி மெஷின் மேல் ஒட்டியிருக்கிறேன். அணைப்பதற்கு இந்த வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை, எனக்கு நானே எழுதிக்கொண்டது. போன வாரம் ஹருனா மலைப் பக்கமிருந்து இடி வந்தது பார், நம் ஊர் இடிதான் உனக்குத் தெரியுமே. இசொபே அக்கா “குவாபரா குவாபரா”ன்னு இடி விரட்டிக்கொண்டு மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், நான் பிளக்கைப் பிடித்துக்கொண்டேன், பிடித்தால் என்ன ஆகும் என்று தெரியாது, பிடித்துக்கொண்டேன். விளக்குகள் ஒருமுறை சிமிட்டின. டிவியைப் போட்டுப் பார்த்தோம், இரண்டு சின்ன உருவமும் கதவு முன்னால் நின்றன. இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம், பிறகு பசித்தது, மிசோ தடவின பன் சுட்டுச் சாப்பிட்டோம். மறுநாளே நெமொதோ கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள் எடுத்துப்போகிற பெரிய பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். இனி மின்சாரம் போனாலும் அரை நாள் தாங்குமாம்.

ஆகஸ்டில் ஓபோனுக்கு லீவு கிடைக்காது, புத்தாண்டுக்குப் பார்க்கிறேன் என்று சொன்னாய். கோபம் இல்லை. ஆனால் இது அப்பா போன பிறகு வருகிற முதல் ஓபோன், போனவர்கள் வீட்டுக்கு வந்து போகிற நாட்கள், வாசலில் வெள்ளைச் சோச்சின் கட்ட வேண்டும், அவர் வீடு தெரிந்து வர. வழி தவறுகிற ஆள் அவர். வெள்ளரிக்காய்க் குதிரை வேகமாக வருவதற்கு, கத்தரிக்காய் மாடு மெதுவாகத் திரும்புவதற்கு, இரண்டும் நான் செய்துவிடுவேன். பதினாறாம் தேதி வாசலில் நெருப்பு மூட்டி அனுப்பிவைக்க வேண்டும். அதை என்னால் தனியாகச் செய்ய முடியாது என்று இல்லை, செய்வேன். நீ அப்பா காரியத்தின்போது எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டே இருந்தாய், கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை, அப்படியே விமானம் ஏறிவிட்டாய். எனக்கு அதுதான் நெஞ்சில் இருக்கிறது. நீ இன்னும் அந்தக் கதவு முன்னாலேயே நிற்கிறாய் என்று தோன்றுகிறது. நீ அன்றைக்குச் சொன்னது சரிதான், அப்பாவை இருட்டில் விட்டுவிட்டு நீ போக வேண்டாம். இந்த முறை போக வேண்டியவர் அப்பாதான். அப்பா கன்ட்ரோலரை நான் பிடித்துக்கொள்கிறேன். நாம் இரண்டு பேரும் ஒன்றாக அமுக்குவோம், விளக்கு உன் கைக்கு வந்துவிடும், அவர் உள்ளே நடக்கட்டும், போய்ச் சேரும்வரை நீ காட்டு. அந்தக் கதவில் அது நடக்குமா என்று எனக்குத் தெரியாது, நாங்கள் பாலத்தில்தான் பார்த்தோம். நடக்காவிட்டால் மூன்று பேரும் அங்கேயே நிற்போம், இசொபே அக்கா டீ கொண்டுவருவார். உனக்குத் தெரியாமல் நான் முயன்று பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

லீவு தரமாட்டேன் என்கிற உன் மேலதிகாரியிடம் கேமுக்காகப் போகிறேன் என்று சொல்லிவிடாதே, அம்மாவுக்கு முட்டி வலி என்று சொல், பொய்யில்லை. மாப்பிள்ளையையும் கூட்டிவந்தால் நெமொதோவோடு பேசிக்கொண்டிருக்கட்டும், கேம் பேச்சு என்றால் இருவருக்கும் பாஷை தேவைப்படாது. நீ எப்போதும் நோய் நொடி இல்லாமல், வேளைக்குப் பசித்து, படுத்ததும் தூங்கி, மனசு விட்டுச் சிரித்து நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அப்பா படத்துக்கு முன்னால் தினமும் ஊதுபத்தி ஏற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். மழைக்கோட்டில் பொத்தான் போயிருக்கிறது என்று சொன்னாயே, தைத்துக்கொள். வரும்போது அந்தக் கறுப்பு உப்பு மிட்டாய் மட்டும் வேண்டாம், போன தடவை கொண்டுவந்ததை இசொபே அக்கா மருந்து என்று நினைத்து இன்னும் தினம் ஒன்று சாப்பிடுகிறார்.

மெஷினை அணைக்கிற வேலையை உனக்கென்று வைத்திருக்கிறேன்.

உன் வரவுக்கு வாசலைப் பெருக்கி வைத்திருக்கும்,
அம்மா
அமாகாவா தொகியே