நாய்க்கு வைத்த பெயர்

ஜூன் 3, செவ்வாய்
மாமியார் நாய்க்குட்டி ஒன்று வாங்கி வந்தார். பெயர் உஃபுனானி. சூலு மொழியில் ‘உனக்கு என்னதான் வேண்டும்’ என்று அர்த்தம். கேள்வி யாருக்கென்று சொல்லவும் வேண்டுமா? ஆறு வருடமாகப் பிள்ளை இல்லாத மருமகள் இந்த வீட்டில் நான் ஒருத்திதானே.

ஜூன் 5
சூலு நாவல்களில் மாமியாரும் மருமகளும் – இதுதான் என் ஆய்வு. “முகத்துக்கு நேரே யாரும் திட்டுவதில்லை; நாய்க்கு வைக்கும் பெயரில் திட்டுகிறார்கள்.” போன வருடம் நானே எழுதிய வரி. பதினோரு நாவல்களிலும் மருமகள்தான் மூட்டை கட்டுகிறாள். இன்று அந்தப் பக்கத்தைப் படிக்க முடியவில்லை.

ஜூன் 9
மாமியார் காலையும் மாலையும் வாசலில் நின்று நாயைக் கத்திக் கூப்பிடுகிறார். எஷோவே ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். போதும்ப்பா. என் கணவன் வுசி டர்பனில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டான். சனிக்கிழமை கிளம்புகிறோம் என்றதற்கு மாமியார் தலையை மட்டும் ஆட்டினார்.

ஜூன் 13, வெள்ளி
பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாகோசா வந்தாள், வுசியின் சித்தி. டீயைக் கையில் வாங்கியதுமே மாமியாரிடம் ஆரம்பித்தாள். “அக்கா, வுசிக்கு இன்னொருத்தியப் பாக்கலாம்னு எத்தனை மாசமா சொல்றேன். இவளை அப்பன் வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

எத்தனை மாதமாகவா? எனக்கு ஒன்றுமே தெரியாதே.

மாமியார் அவளை நேராகப் பார்த்துக்கொண்டே “உஃபுனானி, உஃபுனானி” என்று உரக்கக் கூப்பிட்டார். நாய் அவர் காலடியில்தான் படுத்திருந்தது. மாகோசா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இத்தனை நாளும் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். நான் ஒரு முட்டாள். பதினோரு நாவல் படித்த முட்டாள்.

ஜூன் 14
போகவில்லை. சமையலறையில் அழுதேவிட்டேன். “உங்களைத் தப்பா நெனச்சுட்டேம்மா.”

உருளைக்கிழங்கு உரித்தபடியே சொன்னார்: “உனக்குன்னா நேர்லயே சொல்லமாட்டேனா, மாசிபியா? உப்பு ஜாஸ்தின்னு தெனமும் சொல்றேனே.”

நான் பிறந்த குலத்தின் பெயரைச் சொல்லித்தான் எப்போதும் கூப்பிடுவார். இன்று அது காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. இந்த மனுஷிக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்?

ஜூன் 20
டர்பன் வீடு வேண்டாமென்று வுசி சொல்லிவிட்டான். ஆய்வில் அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஜூன் 28
நானும் ஒரு குட்டி கொண்டுவந்தேன். பெயர் சிசெகோனா, ‘இன்னும் இங்கேதான் இருக்கிறோம்’. மாலையில் வாசலில் நின்று மெல்லக் கூப்பிட்டேன்.

உள்ளேயிருந்து மாமியார்: “சத்தமா கூப்பிடு, மாசிபியா. மாகோசாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

கூப்பிட்டேன்.