நிர்மாலியத்தோடு போன குருவி

மல்லேஸ்வரம்,
வெள்ளிக்கிழமை

என் அருமை மகளுக்கு,

பெருமாள் உனக்குத் துணையிருப்பாராக.

குழந்தையின் கடைசிக் குருவியைத் தொலைத்தவர் சிந்தியா டீச்சர் அல்லர், நான். ஆறு மாதமாக இதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஒன்றாம் வகுப்பில் அவர் ஒரு படக்கதையைக் காட்டிப் படித்திருக்கிறார். கூடு கட்ட இடம் தேடும் குருவியின் கதை. பிறகு பிள்ளைகள் மரத்தடியில் உதிர்ந்த பூவிதழ்களைப் பொறுக்கி, வாழையிலைத் துண்டில் ஆளுக்கொரு குருவி உருவமாக அடுக்கினார்களாம். நம் குழந்தை தன்னுடையதை இங்கே வீட்டுக்குக் கொண்டுவந்து, என்னிடம் சொல்லாமல் பெருமாள் முன் வைத்துவிட்டாள். மறுநாள் காலை அந்த வாடிய இதழ்களை முந்தைய நாள் பூசையின் நிர்மாலியம் என்றெண்ணிக் களைந்து, நந்தியாவட்டைச் செடியடியில் சேர்த்தேன்.

"தாத்தா, என் குருவி எங்க?"

"பறந்துடுச்சு கண்ணு."

"அப்ப கூடு கட்டப் போயிருக்கும்," என்று சொல்லிப் பள்ளிக்குக் கிளம்பினாள்.

அந்த வாரம் வந்த காய்ச்சலைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

"எம் பொண்ணு கடைசியா செஞ்சதக்கூட உங்களால பத்திரமா வைக்க முடியலயா?" என்று நீ டீச்சரைக் கேட்டபோது, நான் உன் அருகில்தான் நின்றேன்.

நேற்று அவரிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் சார். குருவி பறந்துடுச்சுன்னு தாத்தா சொன்னார்னு அவளே வந்து சொன்னா. உங்க பொண்ணு என்மேலயே கோபமா இருக்கட்டும், விடுங்க."

அந்தக் கோபம் எனக்கு உரியது, அம்மா. வைட்ஃபீல்டிலிருந்து ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு இங்கே வா.

உன் அப்பா